கூடுதல் நாற்பது நிமிடம்

அந்த அலுவலகத்தில் அவளுக்கு நிமிஷக்கா என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள், முதுகுக்குப் பின்னால்தான். அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் கோபப்பட்டதில்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட. ஒரு சின்ன விமானக் கம்பெனியில், எந்த விமானம் எத்தனை மணிக்குக் கிளம்பி எந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கால அட்டவணை போடுவது அவள் வேலை.

பயணச்சீட்டில் இரண்டு மணி நேரம் என்று பார்த்தால், விமானம் இரண்டு மணி நேரம் பறக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம். அப்படி இல்லை. இங்கே கதவைச் சாத்திக்கொண்டு சக்கரம் நகர்ந்ததிலிருந்து அங்கே போய் நின்று கதவைத் திறக்கிற வரைக்கும் உள்ள நேரம் அது. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்கிற விமானத்துக்காகக் காத்துக் கிடப்பது, எதிர்க்காற்று, சுற்றுவழி எல்லாம் அதில் அடக்கம். தூரம் பெரிய விஷயமே இல்லை, வரைபடத்தில் இரண்டு புள்ளிக்கு நடுவே கோடு இழுத்தால் வந்துவிடும். நேரம் போடுவதில்தான் வித்தை இருக்கிறது. குறைத்துப் போட்டால் தினமும் தாமதம், பயணிகளிடம் வசவு. கூட்டிப் போட்டால் விமானம் வெட்டியாக உட்கார்ந்திருக்கும், மேலதிகாரியிடம் வசவு. இரண்டு வசவுக்கும் நடுவே எண் போடுவதில் நிமிஷக்காவை அடிக்க ஆளில்லை.

அவள் கணவன் அதே கம்பெனியில் மூத்த விமானி. இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை, அதனால் ஊருக்கெல்லாம் மீசை கேப்டன். வீட்டில் மூன்று பேர்: அவள், மீசை, மீசையின் அம்மா. வீடு அவள் அப்பா அவள் பேரில் வாங்கிக் கொடுத்தது. குழந்தை இல்லை. மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கி, ஒரு கட்டத்தில் போதும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள். ஆனால் அத்தை ஒரு நாளும் அதைச் சொல்லிக் குத்தியதில்லை. உறவுக்காரர்கள் யாராவது வாயைத் திறந்தால்கூட, "அவ இருக்கா, அவன் இருக்கான், அதுக்கு மேல என்ன வேணும்" என்று வாயடைத்துவிடுவாள். இப்படி ஒரு மாமியார் யாருக்குக் கிடைப்பாள் என்று நிமிஷக்கா தன் தங்கையிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

இனி அந்தக் கடலோர ஊர் விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் கம்பெனி அந்த ஊருக்கு ஒரு சேவை தொடங்கியது. நிமிஷக்கா தூரத்தைப் பார்த்தாள், காற்றைப் பார்த்தாள், இரண்டு மணி ஐந்து நிமிடம் என்று போட்டாள். ஒரு வருஷம் அப்படியே ஓடியது. விமானம் சாயங்காலம் போகும், ராத்திரிக்குள் திரும்பிவிடும், மீசையும் வீட்டுக்கு வந்துவிடுவான்.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது அவன்தான் பேச்சை எடுத்தான். அவள் போட்ட நேரம் அந்த ஊருக்குப் போதவே போதாது, விமானிகள் எல்லாரும் திணறுகிறார்கள் என்றான். மேஜைமேல் இருந்த உப்பு ஜாடியை நகர்த்தி, இது ராணுவப் பகுதி, இதற்குள் போகக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும் என்றான். கரண்டியைப் படுக்கவைத்து, இதுதான் ஓடுபாதை, ஒன்றே ஒன்று, இறங்கிய பிறகு இதே பாதையில் முழுக்கத் திரும்பி ஊர்ந்து வர வேண்டும் என்றான். தண்ணீர்க் குவளை கடல். அந்தப் பக்கமிருந்து எப்போதும் காற்று என்று குவளைமேல் ஊதிக்கூடக் காட்டினான்.

அவள் கையைக்கூடக் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், அவள் வேலையைப் பற்றி அவன் உட்கார்ந்து பேசியது அதுதான் முதல் தடவை. மற்ற விமானிகளுக்கெல்லாம் அட்டவணை போடுகிறவர்கள் என்றால் இளப்பம். தன் புருஷன் அப்படி இல்லை என்று அன்றைக்கு அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. காய்ந்த கையோடு உட்கார்ந்து, எவ்வளவு கூட்டலாம் என்று அவனையே கேட்டாள். நாற்பது நிமிஷம் என்றான். மறுநாளே போட்டாள். எனக்கு அந்த உப்பு ஜாடியை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது, ஆனால் கதையை ஒழுங்காகச் சொல்ல வேண்டுமே.

விமானிகள் ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம்தான் வேலை செய்யலாம் என்று சட்டம் இருக்கிறது. காலையில் வேறொரு ஊருக்குப் போய்வந்து, பிறகு இந்தக் கடலோர ஊருக்கும் போய்த் திரும்புவது முன்பு அந்த அளவுக்குள் அடங்கியது. போக நாற்பது, வர நாற்பது என்று கூடியதும் அடங்கவில்லை. ஆகவே விமானமும் விமானிகளும் அங்கேயே ராத்திரி தங்கி, காலையில் திரும்பினார்கள். மீசைக்கு வாரத்தில் இரண்டு மூன்று ராத்திரி அங்கே. அவனுக்கு ஒரு ராத்திரிக்கு வேண்டிய பெட்டியை அவள்தான் அடுக்கித் தருவாள். சில சமயம் ஹோட்டலில் சட்டையை மறந்துவிட்டு வருவான். மறதி ஜாஸ்தியாகிவிட்டது என்று கேலி செய்துவிட்டு வேறு சட்டை வாங்குவாள்.

அதன்பின் விமானிகள் எழுதிக் கொடுத்த நேரமெல்லாம் அவள் புதிதாகப் போட்ட நேரத்தோடு அச்சடித்தாற்போல் ஒத்துப்போயின. பார்த்தீர்களா, என் வீட்டுக்காரர் சொன்னது எவ்வளவு சரி என்று அவள் அலுவலகத்தில் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

நாலு வருஷம் இப்படிப் போயிற்று. இந்த வருஷம் இன்னொரு கம்பெனி அதே ஊருக்கு விமானம் விடப் போவதாகச் செய்தி வந்தது. அவர்கள் போட்டிருந்த நேரம் இவர்களுடையதைவிட முப்பத்தைந்து நிமிடம் குறைவு. மேலாளர் கூட்டம் கூட்டினார். நேரத்தைக் குறைக்க முடியாதா, குறைத்தால் அன்றைக்கே திரும்பிவிடலாமே என்றார். முடியவே முடியாது என்றாள் நிமிஷக்கா. அவர்கள் அனுபவம் இல்லாமல் போட்டிருக்கிறார்கள், ஒரு மாசத்தில் மூக்குடைபடுவார்கள் என்றாள். அவளுக்குப் பக்கத்து மேஜையில் வேலை செய்கிற பெண், சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, தயங்கித் தயங்கி, வரைபடத்தில் பார்த்தால் வழியில் எந்தத் தடையும் தெரியவில்லையே அக்கா என்றாள். நிமிஷக்காவுக்கு வந்ததே கோபம்.

"நீ மேப்ல ஓட்டற விமானத்த. என் வீட்டுக்காரர் நெஜத்துல ஓட்டறாரு."

அந்தப் பெண் எல்லார் முன்னாலும் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்துவிட்டாள். மேலாளர் இதற்கு ஒரு முடிவு கட்ட நினைத்தார். நீங்களே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நீங்கள் சொல்வதுதான் கடைசி என்றார். நிமிஷக்கா உடனே ஒப்புக்கொண்டாள். கணவன் சொன்னதை நிரூபித்துக் காட்டத்தான் அவள் போனாள் என்பதை நீங்கள் மறக்கக் கூடாது. மீசை அந்த வாரம் விமானிகளுக்கான வருடாந்தரப் பயிற்சிக்காக வேறு ஊருக்குப் போயிருந்தான். அவன் திரும்பி வந்ததும் சேதி சொல்லி அசத்தலாம் என்று அவனிடம் மூச்சுவிடவில்லை. அத்தையிடம் மட்டும் சொன்னாள். அத்தை அந்த ஊர்ப் பெயரை இரண்டு தடவை கேட்டாள். அங்கே வெயில் தாங்காது, வேறு யாரையாவது அனுப்பச் சொல்லேன் என்றாள். அத்தைக்குத் தன்மேல் எவ்வளவு கரிசனம் என்று நினைத்துக்கொண்டே இவள் கிளம்பினாள்.

விமானி அறையில் பின்னால் ஒரு மடக்கு இருக்கை உண்டு. அதில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். அன்றைய கேப்டன் நடுத்தர வயதுக்காரர், சாதாரணமாகக் கலகலவென்று பேசுகிறவர், அன்றைக்கு வாயே திறக்கவில்லை. எனக்காக வேடிக்கை காட்ட வேண்டாம், வழக்கமாக எப்படி ஓட்டுவீர்களோ அப்படியே ஓட்டுங்கள் என்றாள். சரி மேடம் என்றார்.

விமானம் மேலே ஏறி ஒரு பக்கமாகத் திரும்பியது. அதற்குப் பிறகு திரும்பவே இல்லை. ராணுவப் பகுதி எப்போது வரும் என்று அவள் கேட்டாள். கேப்டன் பக்கத்தில் இருந்த துணை விமானியைப் பார்த்தார், துணை விமானி ஜன்னலைப் பார்த்தான்.

"அது இந்தப் பக்கம் இல்ல மேடம். வடக்க எங்கயோ இருக்கு."

"முன்னாடி இருந்து எடுத்துட்டாங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு இருந்ததே இல்ல."

கடல் வந்தது. காற்று இருந்தது, எல்லாக் கடலோரத்திலும் இருக்கிற அளவுக்கு. சக்கரம் தரையைத் தொட்டு, வேகம் குறைந்து, ஓடுபாதையின் கடைசியில் இடது பக்கம் திரும்பினால் எதிரிலேயே நிலையக் கட்டடம். திரும்பி ஊர்வதும் இல்லை, காத்துக் கிடப்பதும் இல்லை. அந்த மைதானத்தில் அவர்கள் விமானத்தைத் தவிர ஒரு தண்ணீர் லாரிதான் நின்றது. கதவு திறந்தபோது அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். முதல் வருஷம் அவளாகப் போட்ட கணக்கு, மூன்று நிமிஷ வித்தியாசத்தில்.

பிறகு ஏன் எல்லாரும் இரண்டே முக்கால் மணி என்று எழுதித் தருகிறீர்கள் என்று கேட்டாள். கேப்டன் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே பதில் சொன்னார். அட்டவணையில் என்ன நேரமோ அதையே எழுதிவிடுவதுதான் வழக்கமாம். கூடவோ குறையவோ எழுதினால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும், சீக்கிரம் வந்து சேர்ந்ததற்குப் பயணிகள் யாரும் புகார் கொடுப்பதில்லை, விமானிகளுக்கும் ஒரு ராத்திரி நல்ல ஹோட்டலில் ஓய்வு. "மீசை சார்தான் அப்படி எழுதச் சொன்னாரு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, அணைத்த சுவிட்சையே மறுபடி அணைத்தார்.

அப்போதும் அவள் கணவனுக்காகத்தான் யோசித்தாள், பாருங்கள். பாவம், ஓய்வுக்காகச் செய்திருக்கிறார், அசதியாக இருந்திருக்கும், என்னிடம் நேரே கேட்கக் கூச்சப்பட்டிருப்பார் என்றெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு படி இறங்கினாள். காதில் பூ சுற்றியவனுக்கு அவளே பூவும் பறித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

விமானிகளுக்கு விமானத்தைப் பூட்டி ஒப்படைக்கிற வேலை இருந்தது. அதனால் அந்த ஊர் நிலையத்தின் பொறுப்பாளர் அவளைத் தன் காரிலேயே ஹோட்டலுக்குக் கூட்டிப்போனாள். வாயாடி, ஆனால் நல்ல மனுஷி. தலைமை அலுவலகத்து மேடம் என்பதைத் தவிர இவளைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஹோட்டல் வசதிதான் ஆனால் குளிக்கிற அறையில் தண்ணீர் மெல்லத்தான் வரும் என்று சொல்லிக்கொண்டே ஓட்டினாள்.

"எல்லாரும் அந்த ஹோட்டல்தான் மேடம். மீசை கேப்டன் மட்டும் தங்க மாட்டாரு. அவருக்கு இங்கயே குடும்பம் இருக்குல்ல."

நிமிஷக்கா, எந்த மீசை கேப்டன் என்று கேட்டாள்.

"எத்தன மீசை கேப்டன் இருக்காங்க? அவர் வர்றப்பல்லாம் அந்தப் பொண்ணு கொழந்தையத் தூக்கிட்டு வாசல்ல வந்து நிக்கும். ரெண்டு வயசுப் பையன், அப்பான்னா உசுரு. அவன் பொறந்தப்ப அவங்க அம்மாகூட வந்து ஒரு மாசம் இருந்து பாத்துக்கிட்டாங்க. முட்டி வலியோட. நான்தான் சக்கர நாற்காலி ஏற்பாடு பண்ணேன்."

அந்தச் சக்கர நாற்காலிக்கு அலுவலகத்திலிருந்து சொல்லிவைத்தவள் நிமிஷக்கா. இந்த ஊரில் இருக்கிற சித்தி மகள் வீட்டில் ஒரு மாசம் இருந்துவிட்டு வருகிறேன் என்று அத்தை சொன்னபோது, ஊழியர் சலுகையில் டிக்கெட் போட்டு, ஜன்னல் ஓர இருக்கை வாங்கி, போர்த்திக்கொள்ள ஒரு சால்வையும் கொடுத்து அனுப்பியவளும் அவள்தான். அத்தை ஏன் தன்னை ஒரு நாளும் குத்திப் பேசவில்லை என்பது அந்தக் காருக்குள் அவளுக்கு விளங்கியது. பேரன் வேறு வீட்டில் ஓடி விளையாடும்போது இந்த வீட்டில் எதற்கு வாயை வீணாக்க வேண்டும்?

பொறுப்பாளர் கையை நீட்டி, அதோ அந்த வீடுதான் என்றாள். விமான நிலையச் சுவரை ஒட்டிய தெரு. வாசலில் மூன்று சக்கரக் குட்டி சைக்கிள் கவிழ்ந்து கிடந்தது. கொடியில் ஒரு பெண்ணின் உடுப்புகளுக்கும் சின்னச் சின்ன டவுசர்களுக்கும் நடுவே மஞ்சள் கோடு போட்ட சட்டை காய்ந்தது. ஹோட்டலில் மறந்துவிட்டேன் என்று மீசை தலையைச் சொறிந்த சட்டை. அவள் அதைத் தேடித் தேடி நாலு கடை ஏறி வாங்கியிருந்தாள்.

கார் நிற்கவில்லை, அவளும் நிறுத்தச் சொல்லவில்லை. வேறு பெண்ணைத் தேடிப்போன புருஷர்களைப் பற்றி அவளும் கேள்விப்பட்டிருக்கிறாள். அவர்கள் பொய் சொல்லிவிட்டுப் போவார்கள், ஒளிந்துகொண்டு போவார்கள். இவன் அப்படிக்கூடப் போகவில்லை. அவளையே கூப்பிட்டு உட்காரவைத்து, அவள் கையாலேயே அந்த ராத்திரிகளை அட்டவணையில் போடவைத்து, கம்பெனி செலவில் போய்வந்தான். அவளிடம் இருந்த ஒரே கர்வம் அந்த எண்கள்தான். கட்டிக்கொண்டவளை ஏமாற்றியதைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம் போலிருந்தது. சரியாக இருந்த கணக்கைத் தப்பாக்கி, அதற்காகத் தன்னைச் சந்தோஷப்படவும் வைத்தானே, அதைத்தான் தள்ளிவைக்க முடியவில்லை. ஹோட்டல் அறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர் மெல்லத்தான் வந்தது.

மறுநாள் காலை விமானத்திலேயே திரும்பி, நேரே அலுவலகம் போனாள். பக்கத்து மேஜைப் பெண்ணிடம், எல்லாரும் இருக்கும்போதே, நீ சொன்னதுதான் சரி, நான் பேசியது தப்பு என்றாள். அந்தப் பெண் பதறி எழுந்து நின்றாள். உட்காரும்மா என்று தோளைத் தொட்டுவிட்டு நிமிஷக்கா தன் கணினியைத் திறந்தாள்.

விரல் சட்டென்று போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எண்ணை மாற்றினால் அந்த ஊரில் ராத்திரி இல்லை, அந்தக் குழந்தை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். குழந்தை என்ன பாவம் செய்தது என்று ஒரு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம், அதை யோசிக்க வேண்டியவன் அதன் அப்பன், நான் இல்லை என்று நினைத்தாள். இரண்டு மணி ஐந்து நிமிடம் என்று போட்டாள். மேலாளர் பார்த்துவிட்டு, போன வாரம் முடியவே முடியாது என்றீர்களே என்று சிரித்தார். அப்போது எனக்கு வழி தெரியாது என்றாள்.

வீட்டுக்கு வரும்போது சாயங்காலம். அத்தை கூடத்தில் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் முகத்தைப் பார்த்ததும் தேய்த்த கை நின்றுவிட்டது. நிமிஷக்கா எதிரில் உட்கார்ந்தாள்.

"கொழந்தைக்கு என்ன பேர் வெச்சீங்க அத்தை?"

அத்தை தைலப் புட்டியைக் கீழே வைத்தாள். மகன் சத்தியம் வாங்கிக்கொண்டான், உன்னிடம் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை நினைத்தேன், நீ தாங்க மாட்டாய் என்று பயந்தேன் என்று முணுமுணுத்தாள். நிமிஷக்கா தைலப் புட்டியை எடுத்து மூடிபோட்டு வைத்தாள். திட்ட வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் இத்தனை வருஷம் அம்மா மாதிரி நினைத்த ஒருத்தியைத் திட்டுவதற்கு அவளுக்கு வார்த்தை அகப்படவில்லை.

இருட்டுவதற்குள் பயிற்சி முடிந்து மீசையும் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அம்மாவின் முகத்தையும் மனைவியின் முகத்தையும் பார்த்தே புரிந்துகொண்டான். முதலில் இல்லை என்றான், பிறகு நீ நினைக்கிற மாதிரி இல்லை என்றான், பிறகு எப்படியோ நடந்துவிட்டது என்றான். உனக்கு நான் என்ன குறை வைத்தேன் என்றும் கேட்டான், அதையும் கேட்டான். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"நீங்க செஞ்சது இருக்கட்டும். அந்த நாப்பது நிமிஷத்த என் கையால எதுக்குப் போட வெச்சீங்க?"

"எல்லா ரூட்லயும்தான் கொஞ்சம் சேத்துப் போடறீங்க. அதுல என்ன பெரிய..."

"இன்னிக்கு எடுத்துட்டேன். வர்ற சீசன் அட்டவணைலேருந்து போயிட்டு அன்னிக்கே திரும்பிடலாம்."

மீசையின் முகம் அப்போதுதான் மாறியது. இவ்வளவு நேரம் பிடிபட்டவனுடைய முகமாக இருந்தது, இப்போது பறிகொடுத்தவனுடைய முகமாகிவிட்டது.

"அப்ப ராத்திரி... பையன் தேடுவானே."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. நாலு வருஷமாக இந்த வீட்டில் அவன் பேசியதில் ஜோடனை இல்லாமல் வந்த வார்த்தை அது ஒன்றுதான். அவளுக்கு அதற்குமேல் எதையும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

கைப்பையைத் திறந்து இரண்டு டிக்கெட்டுகளை எடுத்து, சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். நாளைச் சாயங்காலம் அந்தக் கடலோர ஊருக்கு, ஊழியர் சலுகையில், ஒரு வழிப் பயணம். ஒன்று அவனுக்கு, ஒன்று அவன் அம்மாவுக்கு.

"ஒங்களுக்கு ஜன்னல் ஓரந்தான் போட்டிருக்கேன் அத்தை. சக்கர நாற்காலிக்கும் சொல்லிட்டேன். சால்வைய மறக்காம எடுத்துக்குங்க."

அத்தை அழ ஆரம்பித்தாள். மீசை டிக்கெட்டைக் கையில் எடுத்து, படிக்கிறவன்போல நின்றுகொண்டே இருந்தான். அதில் இன்னும் பழைய நேரம்தான் அச்சாகியிருந்தது.

"அந்த நேரத்தப் பாக்காதீங்க" என்றாள் நிமிஷக்கா. "அது நீங்க சொல்லிப் போட்டது. அவ்வளவு தூரமெல்லாம் இல்ல."